கோர்ட்டில் கேட்காமல் போனது

சற்குணம் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு கீழ்க்கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு மலாயில் சொல்வதுதான் வேலை. ஐம்பது வயதில் காது மந்தமானது. 1983இல் அப்துல் ஹமீதின் கடையில் செவிக்கருவி வாங்கி மாட்டிக்கொண்டார்.

கடைக்குள் எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. கோர்ட்டுக்குள் நுழைந்ததும் ஆறு மின்விசிறிகளும் மண்டைக்குள்ளேயே சுற்றின. மனிதக் குரல் அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ கிடந்தது.

திரும்பக் கடைக்கு ஓடினார். ஹமீது கருவியிலிருந்த சின்னத் திருகைத் திருப்பினார்.

"கனமான சத்தத்த வெட்டிட்டேன் சார். விசிறி கொறையும். ஆனா ஆம்பளக் குரல்லயும் பாதி போயிடும்லா. எது பேச்சு, எது இரைச்சல்னு மெஷினுக்குத் தெரியாது."

"தெரியிற மெஷின் எப்ப வரும், தம்பி?"

ஹமீது கருவியை அவர் காதில் திரும்ப மாட்டிவிட்டார்.

மாஜிஸ்திரேட் ரொஸ்னா நல்ல மனுஷி. சற்குணம் கேட்டதும் விசிறிகளை நிறுத்தச் சொன்னார். புழுக்கம் தாங்காமல் சன்னல்களைத் திறந்தார்கள். தெருவிலிருந்து பஸ் சத்தம் உள்ளே கொட்டியது. மூன்றாம் நாள் விசிறிகள் மறுபடி ஓடின.

"இப்ப கேக்குதா, சற்குணம்?" என்று மலாயில் கேட்டார் ரொஸ்னா. "கேக்குது" என்று சற்குணம் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டால் வேலை போகும். உதட்டைப் பார்த்துப் பாதி, உத்தேசமாகப் பாதி என்று இரண்டு வருஷம் ஓட்டினார்.

பிறகு சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் நடந்த அடிதடி வழக்கு வந்தது. பக்கிரிசாமி என்ற லாரிக் கூலியாள் தலைகுனிந்து ஏதோ முனகினான். 'நான் அடிச்சேன்' என்று சற்குணத்துக்குக் கேட்டது. அதையே மலாயில் சொன்னார்.

தமிழ் தெரிந்த அவன் வக்கீல் துள்ளி எழுந்தார். "யுவர் ஆனர், அவன் 'நானா அடிச்சேன்?'னு கேக்கறான்!"

பதிவு திருத்தப்பட்டது. பக்கிரிசாமி பிழைத்தான். ஆனால் வக்கீல் வைக்க வழியில்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர்? தனக்குச் சரியாகக் கேட்பதில்லை என்ற உண்மையை அன்றே சற்குணம் எழுதிக் கொடுத்தார். அவரை ஆவண அறைக்கு மாற்றினார்கள். பழைய வழக்குகளைத் திரும்பப் பார்க்கக் கேட்டபோது, மேல்முறையீட்டுத் தவணை முடிந்துவிட்டது என்றார் அதிகாரி.

"இஞ்சாருங்கோ, இரைச்சல் இல்லாத இடம்தானே, நல்லதுதானே" என்றாள் மனைவி செல்வநாயகி.

"ஓம்" என்றார்.

அந்த இரண்டு வருஷக் கோப்புகளை அவரே எடுத்துப் படித்தார். அந்த மனிதர்கள் தமிழில் சொன்னது எதிலுமே இல்லை. அவர் மலாயில் சொன்னதுதான் இருந்தது. எது சரி, எது பிழை என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கராஜு என்பவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, எட்டு மாதச் சிறை. பட்டர்வொர்த் ஊரில் அவனுடைய விலாசத்தைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.