வேகத்தில் சோதிக்காத சிப்

அன்று நந்தனம் அலுவலகக் கூட்டத்தில் மேனேஜரும், சிப் வடிவமைப்பில் என்னோடு கூட வேலை செய்த நண்பனும், நானும் இருந்தோம். சோதனைப் பிரிவின் அக்கா இல்லை. அம்மாவை அடையாற்றுக்கு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தார்.

முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார்: "சிப்ல சிக்னல் லேட்டா வந்தா, மெதுவா ஓட்டிப் பார்த்தா தெரியாதுடா. முழு வேகத்துல சோதிக்க நான் கேட்ட கூடுதல் சர்க்யூட் வேணும். யாராவது எடுக்கச் சொன்னா விடாதே."

சிப்பில் இடம் போதவில்லை, அந்தக் கூடுதல் சர்க்யூட்டை எடுத்துவிடலாமா என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் மறுத்துப் பேச வாய் வராமல் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

"இன்னா மச்சி, ஆட்டிட்ட? அக்கா வந்தா தோலை உரிச்சிடும்," என்றான் நண்பன், டீக்கடையில். நானும் சிரித்து வைத்தேன்.

மெதுவான சோதனையில் தேறிய சிப்புகள் வாடிக்கையாளரிடம் போய் வேகத்தில் தடுமாறின. கெட்டதைப் பிரித்தெடுக்க எங்களிடம் வழியில்லை. அக்கா திட்டவில்லை. "தமிழ்லயே சொல்லியிருக்கலாமேடா, மேனேஜரும் நம்ம மந்தைவெளிக்காரர்தானே," என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தச் சர்க்யூட்டைச் சேர்த்து சிப்பை மறுபடி செய்ய கம்பெனிக்கு நாற்பது லட்சம் ரூபாய் ஆனது.