சாத்தாத கதவு

ஈரச் சப்பாத்து ஹீட்டரில் காயும் மணம் வந்தால், கனடாவில் மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடமும் அந்த மனிதரும் நினைவில் வந்து நிற்கிறார்கள். வாடகைக்காரர் சேர்ந்து தெரிந்தெடுத்த பிரதிநிதி அவர். மெலிந்த உடம்பு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. பனிக்காலத்திலும் வீட்டுக் கதவைச் சாத்தமாட்டார்.

"குளிர் உள்ளுக்கு வருமே, அண்ணை?"

"வரட்டும் தம்பி, அதுக்கும் ஏதும் முறைப்பாடு இருக்கும். ரோமாபுரியில ட்ரிப்யூன் எண்டு ஒரு பதவி. ஏழைச் சனத்தின்ர ஆள். இரவு பகலாய் அவற்ர கதவு திறந்திருக்கவேணும். அவர் ஏலாது எண்டால் பிரபுக்களின்ர செனற்சபையும் அடங்கவேணும்."

ஒரு மார்கழிப் பனியில், வரும் யூன் முடிவுக்குள் வீட்டை விடச் சொல்லி உரிமையாளரின் கடிதம் வந்த அன்று அவரிடம் ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்தவரின் இடுப்பில் கட்டடத்துச் சாவிக்கொத்து. உரிமையாளர் அவரைப் பராமரிப்பாளராக்கிவிட்டாராம். என் கடிதத்தை வாசிக்காமலே மடித்துத் தந்தார். அதில் என்ன இருக்கிறதென்று முன்பே தெரியுமோ?

"உங்கட ட்ரிப்யூனுக்குக் கடைசியில என்ன நடந்தது, அண்ணை?"

"பேரரசர் அந்த அதிகாரத்தைத் தானே எடுத்திட்டார். பேருக்கு ட்ரிப்யூன்மார் இருந்தவை."

"அவை ஒண்டும் சொல்லேல்லையோ?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை நாளும் அந்தக் கதவு எங்கள் குறையைக் கேட்கத் திறந்திருந்ததா, யார் யார் குறை சொல்கிறார்கள் என்று பார்த்துவைக்கவா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

"போகேக்குள்ள கதவைச் சாத்திட்டுப் போங்கோ, தம்பி. குளிருது."