மோட்டாரைக் காட்டிக்கொடுத்த ஃபென்னா

எங்கள் ஊர் ஓடைக்கரையில் ஒரே கட்டடத்தில் இரண்டு ஆலைகள். கீழே தண்ணீரில் சுற்றும் சக்கரம், மேலே காற்றில் சுற்றும் நான்கு இறக்கைகள். ஓடை வற்றினால் காற்று, காற்று நின்றால் ஓடை. அந்தக் காலத்து ஆட்கள் கடவுளை முழுசாக நம்பியவர்கள் இல்லை.

அங்கே சனிக்கிழமைகளில் சுற்றிக்காட்டுபவள் ஃபென்னா ஓஸ்டிங். இருபத்தெட்டு வருடம் பக்கத்து நகரமான அல்மெலோவுக்குப் பேருந்து ஓட்டி, முழங்கால் போனதும் ஓய்வு பெற்றவள். பேருந்தில் பயணிகளை அதட்டிய அதே குரலில்தான் சரித்திரமும் சொல்வாள்.

"இங்க மாவரைச்சவங்க எட்டு பேரு. அதுல ஆறு பேரு திருடனுங்க. இந்தப் பலகையைத் தூக்கிப் பாருங்க. விவசாயி மேல நின்னு பேசிட்டு இருப்பான், அவன் மாவு இந்த ஓட்டை வழியா கீழ கொட்டும். மிச்ச ரெண்டு பேரு நல்லவங்களான்னு கேக்காதீங்க. அகப்படல, அவ்வளவுதான்."

ஆலைச் சங்கத் தலைவர் ஆல்பர்ட் நைமெயருக்கு இது பிடிக்காது. ஓய்வுபெற்ற நோட்டரி. ஆறு திருடர்களில் மூன்றாமவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. "கைவினைஞர்கள்னு சொல்லுங்க ஃபென்னா" என்பார். "கைவேலைதானே, சொல்லிட்டாப் போச்சு" என்பாள் அவள்.

ஒரு ஆகஸ்டில், கூரைப் பழுதுக்கு உதவி தரலாமா என்று பார்க்க மாகாண அலுவலகத்திலிருந்து திருமதி டெர் ஹார் வந்தார். ஆலை ஓடுகிறதா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அந்தக் கோடையில் ஆறு வாரமாக மழை இல்லை. ஓடையில் வாத்துகள் நடந்துகொண்டிருந்தன. காற்றும் செத்துக்கிடந்தது.

ஆல்பர்ட் முந்தின நாளே சக்கரத்தின் அச்சில் ஒரு மின்மோட்டாரை மாட்டி, மேலே சாக்குமூட்டைகளைப் போட்டு மூடிவிட்டார். மின்சாரம் பக்கத்துப் பான்கேக் கடையிலிருந்து.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். சிரிச்சுட்டு நில்லுங்க, போதும்" என்று ஃபென்னாவிடம் சொன்னார்.

"சிரிக்கிறது கஷ்டம் இல்ல" என்றாள் அவள்.

சக்கரம் சுற்றியது. ஆல்பர்ட் முன்னோர்களின் மதிநுட்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். திருமதி டெர் ஹார் ஓடையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், கடைசியில் ஃபென்னாவைப் பார்த்தார்.

"தண்ணியே இல்லையே. எப்படிச் சுத்துது?"

ஃபென்னாவுக்கு வாயை மூடியிருக்க நினைப்புதான். அரை நொடி தாங்கினாள். "அந்தச் சாக்கைத் தூக்குங்கம்மா. நோட்டரி குடும்பத்துல இது நாலாவது தலைமுறை."

அந்த நேரம் பார்த்து மோட்டார் உறுமி நின்றது. பான்கேக் கடைக்காரர் ஹில்பெர்ட் மாவுக் கரண்டியோடு ஓடிவந்தார். "எவன்யா ஃபியூஸைப் புடுங்கினது? நாப்பது பேரு தட்டோட உக்காந்திருக்கான்!"

திருமதி டெர் ஹார் சிரிக்கவில்லை. ஃபைலை மூடிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். அந்த வருடம் உதவி இல்லை. மழைக்காலத்தில் சங்கத்துக்காரர்கள் நாங்கள் ஒழுகும் கூரைக்குக் கீழே பதினோரு வாளிகள் வைத்தோம். ரொட்டிக் கடையில் ஃபென்னா நின்றால் எல்லோரும் முதுகைக் காட்டினார்கள். நானும்தான் காட்டினேன். அவள் அசரவில்லை. வாளிகளைக் கொட்டப் போனது அவள் ஒருத்திதான்.

நவம்பரில் ஓடை கரைதொட்டு ஓடிய ஒரு சனிக்கிழமை, திருமதி டெர் ஹார் கணவரோடு வந்து வரிசையில் நின்றார். அலுவலாக இல்லை, சும்மா. மேலே இறக்கைகள் விர்ரென்று சுற்ற, கீழே சக்கரம் தண்ணீரை வாரி அடிக்க, ஃபென்னா பலகையைத் தூக்கித் திருட்டு ஓட்டையை அவருக்குக் காட்டினாள்.

"இதையெல்லாம் ஏன் விண்ணப்பத்துல எழுதல?" என்று கேட்டார் அவர்.

"எழுதினது நோட்டரிம்மா."

அடுத்த விண்ணப்பத்தை ஃபென்னா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன். பிப்ரவரியில் கூரைக்குப் பணம் வந்தது. ஆல்பர்ட் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தினமும் சைக்கிளில் போகிறார்.

ஃபென்னாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. படியேற முடியாது. கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மேலே போனவர்களுக்குச் சரித்திரத்தைக் கத்திச் சொல்கிறாள். ஹில்பெர்ட் கடையில் சாப்பிடுகிறவர்களுக்கும் அது இலவசமாகக் கேட்கிறது.