அள்ளத் தெரிந்த பிள்ளை

கொழும்பில், தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் குடியிருப்பவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ஓடாதே, குதிக்காதே, பந்தை நிலத்தில் அடிக்காதே என்பதைத்தான். இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் மேலே தட்டுவார். என் மகள் யதுஷாவை ஏழு வருடம் அப்படி அருமையாக வளர்த்தேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில், தரம் இரண்டுப் பிள்ளைகளுக்கு ஓட, குதிக்க, பந்து பிடிக்கத் தெரிகிறதா என்று பரிசோதனை வைத்தார்கள். உயரம், நிறை, பல் எல்லாம் பார்த்த பிறகு இது. தவறினால் பெயர் தனிப் பட்டியலில் ஏறும். விளையாட்டுப் போட்டியில் இடமில்லை. அந்தப் போட்டிக்காக அவள் கட்டிலின் மேல் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்தில் ஒரு தாதி வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பூச்சிக் குளிசை தருவார், அவ்வளவுதான். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம். இரண்டு காலும் ஒன்றாக நிலத்தில் பட்டதா என்று பார்த்துப் புள்ளி போட ஒருவரும் இருக்கவில்லை. எவ்வளவு திறமை வீணாய்ப் போனது!

பரிசோதிக்க வந்த சிங்களச் சேருக்குத் தமிழ் தெரியாது. வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது. மற்றபடி ஏற்பாடுகள் எல்லாம் திறம்; தாய்மார் எங்களுக்கு மைதான ஓரத்தில் கதிரையும் போட்டிருந்தார்கள்.

“அல்லன்ன துவே!” என்று பந்தை எறிந்தார். பிடி மகளே என்று அர்த்தம். யதுஷா பந்து விழுந்து உருண்டு நிற்கும்வரை பொறுமையாகப் பார்த்திருந்து, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணோடு சேர்த்து அள்ளிக் கொடுத்தாள். மூன்று தரம் எறிந்தார். மூன்று தரமும் அள்ளினாள்.

“அல்லன்ன பே,” என்று சேர் பேனையை எடுத்தார். பிடிக்க முடியாதாம்.

“ஏனடி பிடிக்கேல்லை?” என்றேன்.

“அவர் அள்ளத்தானே சொன்னவர், அம்மா!”

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பன்னிரண்டு வருடமாகச் சிங்களக் கடையில் பாண் வாங்கவே விரலைக் காட்டுகிறவள். அந்தப் பேனை தாளுக்கு இறங்குவதைக் கண்டதும் எப்படியோ எழும்பிவிட்டேன். “சேர், பொட்டக் இன்ன,” என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மிச்சச் சிங்களம் வரவில்லை. பந்தை அவர் கையிலிருந்து வாங்கி, “பிடியடி!” என்று கத்தி எறிந்தேன். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

சேர் என்னைப் பார்த்தார். பிறகு தானும் எறிந்து, “பிடி!” என்றார். பிடித்தாள். “ஆ, ஹரி ஹரி,” என்று சரி போட்டார். எனக்கு எறியத் தெரியும் என்பதற்கும் ஒரு சரி போட்டிருக்கலாம்.

வரும் வழியில் கேட்டாள்: “போட்டிக்கு வேற சேர் வந்து அள்ளச் சொன்னா?”

“சேர்மார் சொன்னாப் பிடி. நான் சொன்னா அள்ளு.”

“ஆரும் ஒண்டும் சொல்லாம எறிஞ்சா?”

வாகனங்கள் இரையும் காலி வீதி நடைபாதையில், இரண்டு கையையும் நெஞ்சுக்கும் நிலத்துக்கும் நடுவில் நீட்டி வைத்தபடி அவள் நடந்துகொண்டிருந்தாள்.