முதல்முறை வந்தவர்கள்

எங்கள் அண்ணியை வாயில்லாப் பூச்சி என்று யாராவது சொன்னால் எங்கள் தெருவே சிரிக்கும். ஆனால் கலைக்கூடத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். அண்ணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, பயந்த கண்ணோடு நிற்கிறாள். கீழே பெரிய எழுத்தில், "எனக்குப் பேசத் தெரியாது. இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவள் யார் என்று யாராவது ஒருவராவது சரியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி ரோலரில் நிற்பவள். நான் அதே கூடத்தில் துணி மடிக்கிற மேசையில். அந்த இரைச்சலில் நாங்களெல்லாம் தொண்டை கிழியக் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்கும். அண்ணி சும்மா பேசினாலே பின்வாசலில் வண்டி ஏற்றுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததில்லை. கேட்டால், "எப்பவாவது லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா நிம்மதியா இருக்கு" என்பான்.

அவளைத் தங்கம், வைரம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. பொறாமைக்காரி. தன்னைவிட ஒருத்தி நன்றாகச் செய்துவிட்டால் ரெண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டாள். யாராவது புகழ்ந்துவிட்டால் உச்சி குளிர்ந்துபோகும், அப்புறம் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவாள். அதில்தான் மாட்டினாள்.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய டயர் கிடங்கு இருந்தது. அதைச் சுத்தம் செய்து, கீழே பெரிய மேடையும் சிவப்பு நாற்காலிகளும் போட்டு, கலைக்கூடம் என்று பெயர் வைத்தார்கள். மாடியில் ஜன்னல் திறக்காத ஓர் அறை. அதற்கு 'மக்கள் அறை' என்று பலகை. ஒரு நாள் அவர்களுடைய லாரி எங்கள் தள்ளுவண்டிகள் போகிற சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணி நேரே உள்ளே போய்ச் சண்டை பிடித்தாள். அங்கே நிர்வாகம் பார்க்கிற அம்மா வெளியே வந்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்ககூட வேலை செய்யறீங்களா?" என்றாராம். அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்கம் மேடம். எதற்கெடுத்தாலும் "சுருக்கமா சொன்னா" என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

விஷயம் என்னவென்றால், அவர்களுக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளை, "சுற்றுவட்டார மக்கள் வருகிறார்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சுற்றுவட்டார மக்களோ அந்த வாசலை வங்கி வாசல் மாதிரி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் சேர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சண்டை போடப் போனவள் 'சமூக இணைப்பாளர்' என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அண்ணி ஆள் சேர்த்த விதம் தனி. நாடகம், கலை என்று யாரிடமும் பேச மாட்டாள். ஒருத்தியின் கதையை எடுத்து, அவள் காதுபடத் தப்பாகச் சொல்வாள். பேக்கரி அக்கா முதலாளியை எதிர்த்துக் கேட்டது ஊருக்கே தெரியும். அண்ணி அதை, "முதலாளி திட்டினதும் அக்கா அழுதுட்டே போயிட்டாங்களாம்" என்று பரப்பிவிட்டாள். அன்று மாலையே பேக்கரி அக்கா மாவுக் கையோடு மக்கள் அறைக்குப் படியேறி வந்து, "யாருடி அழுதது? உக்காரு, நான் சொல்றேன்" என்றாள். சொல்லவில்லை, நடித்தே காட்டினாள். முதலாளியின் தொந்தி முதற்கொண்டு காட்டினாள். இப்படித்தான் ஒவ்வொருத்தியாக வந்தோம். எங்கள் கூடத்தில் வண்டி தள்ளுகிறவள், பெயரே தள்ளுவண்டிதான், அவளும் தன் கதையைத் திருத்தத்தான் வந்தாள். வந்தவர்கள் போகவில்லை. புதன்கிழமை மாலை என்றால் எங்கள் வீடுகளில் ஆண்கள்தான் சோறு வடிப்பார்கள் என்று ஆகிவிட்டது.

அப்படித் திருத்தித் திருத்தியே ஒரு நாடகம் வந்தது. ஒரு நாள் சலவைக்கூடம் நின்றுபோகிறது. விரிப்பு இல்லை, மேலங்கி இல்லை. பெரிய டாக்டர் பனியனோடு ஆபரேஷன் அறை வாசலில் நிற்கிறார். அவ்வளவு நாள் எங்களை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி எங்கள் கூடத்துக்கு வருகிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும், கடைசியில் அழவும் வைக்கும். டாக்டராக அண்ணிதான். நானே சொல்லக் கூடாது, ஆனால் அவள் அந்தப் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிற நிற்பைப் பார்த்தால் பணம் கொடுத்துப் பார்க்கலாம்.

இதை மாடி அறையில் நாங்களே போட்டு நாங்களே பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? அண்ணிக்குக் கீழே இருக்கிற மேடைதான் வேண்டும். முன்வரிசையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் அவள் அவர்களிடம் கேட்டது.

"நாடகம் ரெடி மேடம். கீழ மேடை எப்போ?"

"சுருக்கமா சொன்னா," என்று ஆரம்பித்தார். டீ ஆறியது. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. அறக்கட்டளையிலிருந்து ஆள் வரப்போகிறார்கள். பணம் தொடர்ந்து வருமா என்பது அந்த ஒரு நாளில் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது, இதுவரை கலைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் புதிதாக வந்தார்கள் என்பதை மட்டும்தான்.

"நீங்கல்லாம் ரொம்ப நாளா வர்றீங்க. அதனால நீங்க கணக்குலயே வர மாட்டீங்க," என்றார்.

"திரும்பத் திரும்ப வர்றோம்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"எனக்குப் புரியுது. அவங்க விதி அப்படி."

என்ன விதி இது? ஒரு தடவை சாப்பிட்டுப் போனவன் மறுபடி பசித்து வந்தால் முகத்தைச் சுளிக்கிற ஓட்டல் எங்காவது உண்டா? கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் மேடம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஒரு நாள் மட்டும் நீங்கல்லாம் முதல்முறை வந்தவங்க மாதிரி இருந்துடுங்க. பணம் வந்ததும் மேடை உங்களுக்குத்தான். இதைச் செய்ய உங்களை மாதிரி ஒரு நடிகையாலதான் முடியும்."

நடிகை என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி தரையில் நடக்கவே இல்லை.

"அண்ணி, இது நல்லா இல்ல. பொய்," என்றேன்.

"நாடகமே பொய்தான். நடிக்கத்தானே வந்தோம்?"

பேக்கரி அக்காவும் சொல்லிப் பார்த்தாள். "மேடையில நின்னு பொய் சொன்னா எல்லாருக்கும் தெரியும் அது நாடகம்னு. மூஞ்சிக்கு நேரா சொன்னா அது வேற பேரு." அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடை கிடைக்கும் என்ற ஆசை எங்கள் எல்லோருக்கும்தான் இருந்தது. அதனால் அதற்கும் ஒத்திகை நடந்தது. ஒன்றும் தெரியாதவர்களாக இருப்பதற்கு ஒத்திகை. அண்ணி எங்களைப் பிழிந்து எடுத்தாள். "பயந்தவ கையப் பிசைய மாட்டா, அதெல்லாம் சினிமா. கதவுக்குப் பக்கத்துல நாற்காலி இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பா" என்று சொல்லிக்கொடுத்தாள்.

அறக்கட்டளை அம்மா வந்தார். மெல்லிய குரல், நல்ல முகம். கூட ஒருவர் கேமராவோடு வந்தார். தள்ளுவண்டி, "அந்த லைட்டு மேல பட்டா சுடுமா?" என்று கேட்டாள். பேக்கரி அக்கா அளவு தெரியாமல் அழுதே விட்டாள். அண்ணி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கேட்டார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. "உங்களுக்குச் சொல்லணும்னு இருக்கறதை ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று அந்த அம்மா குனிந்து கேட்டார். அண்ணி கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனாள். பிறகு, "நாங்க... பேசலாமா?" என்றாள். அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேமரா கிளிக் என்றது.

மறுநாள் சலவைக்கூடத்தில் அதை நடித்துக் காட்டி உருண்டு சிரித்தோம். சிரித்த வாய்க்கு என்ன வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்.

பணம் வந்தது. நிறையவே வந்தது என்று மேடத்தின் முகமே சொன்னது. எதற்கு வந்தது? 'முதல் குரல்' என்று ஒரு திட்டம். வாயே திறக்கத் தெரியாதவர்களுக்கான பயிற்சி. ஒவ்வொரு குழுவிலும் புது ஆட்கள்தான் இருக்க வேண்டும். வாசலில் அந்தப் படம் ஏறியது. எங்கள் புதன்கிழமை போனது. இனி வர வேண்டாம் என்று பழைய ஆட்களிடம் சொல்கிற வேலையும் சமூக இணைப்பாளருடையதாம். அண்ணி கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அதை நீங்களே சொல்லிக்கங்க. எங்க மேடை என்னாச்சு?"

மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கொஞ்சம் யோசிங்க. அவங்க பார்த்தது பேர் சொல்லவே நடுங்கின ஒரு பெண்ணை. இப்போ நீங்க கீழ மேடையில ஏறி ஒரு முழு நாடகம் போட்டா, நாம ஏமாத்தினோம்னு ஆயிடாதா?"

"நடிக்கச் சொன்னதே நீங்கதானே?"

"அது வேற, இது வேற."

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் என் கை துணி முறுக்குகிற மாதிரி முறுக்கிக்கொள்கிறது. எங்களை வைத்தே பணம் வாங்கி, அந்தப் பணத்தாலேயே எங்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். அதையும் சிரித்த முகத்தோடு, தோளில் கை போட்டுச் செய்தார்கள்.

நன்றி விழா என்று ஒன்று வைத்தார்கள், கீழே, பெரிய மேடையில். படத்தில் இருக்கிற பெண் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அறக்கட்டளை அம்மாவே விரும்பிக் கேட்டாராம். மேடம் வீடு தேடி வந்தார். அண்ணி உடனே ஒத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் போனதும் என்னிடம் சொன்னாள்: "ஏறினா எல்லாத்தையும் போட்டு உடைச்சிடுவேன். அறக்கட்டளைக்காரங்களுக்கே நேரா தெரிஞ்சா மேடை குடுத்துத்தானே ஆகணும்?"

அன்றைக்கு அவள் மேடை ஏறியபோது கைக்குட்டை இல்லை. மைக்கைத் தள்ளி வைத்தாள், அவளுக்கு எதற்கு மைக்.

"நான் ஊமை இல்ல. என் புருஷனைக் கேளுங்க, பாவம் அந்த மனுஷன். நாங்க ரொம்ப நாளா இங்க மாடியில நாடகம் போடறவங்க. நீங்க வந்த அன்னிக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சோம். நடிச்சா இந்த மேடையைத் தர்றேன்னாங்க. தரல. பழகினவங்க வேண்டாம், புதுசா வர்றவங்கதான் வேணும்னு விதி போட்டது நீங்க. வாய் இருக்கறவங்க உங்களுக்கு வேண்டாம். வாயப் பொத்தினவங்க படம்தான் வேணும். எங்ககிட்ட ஒரு நாடகம் இருக்கு. பார்க்கறீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மேடத்தின் முகத்தில் ஈ ஆடவில்லை. முடிந்தது, இவர்களுடைய வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

அறக்கட்டளை அம்மா எழுந்து நின்று கைதட்டினார். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள்.

"கைதட்டாதீங்க, நான் சொல்றது நிஜம்," என்றாள் அண்ணி. கைதட்டல் இன்னும் கூடியது.

அந்த அம்மா மேடையேறி அண்ணியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுகிறார். "அன்னிக்கு உங்க பேர்கூட வெளிய வரல. இன்னிக்கு எங்களையே திட்டற அளவுக்குத் தைரியம் வந்திருக்கு. இதுக்குத்தான் நாங்க பணம் குடுக்கறோம்," என்றார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். போன உயிர் திரும்பிவிட்டது அவருக்கு.

நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து கத்தினேன். "அவங்க நடிச்சாங்க! அதைத்தான் சொல்றாங்க, காதுல விழலையா?" பக்கத்து நாற்காலிக்காரர் என் முதுகில் தட்டி, "நீங்களும் அந்தப் பயிற்சியில இருந்தவங்களா? அருமை," என்றார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

மேடையில் அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்: "யாரு உங்களுக்கு இப்படிப் பேசக் கத்துக்குடுத்தாங்க?"

அண்ணி வாயைத் திறந்தாள். மேடத்தைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், நின்றுகொண்டு கைதட்டுகிறவர்களைப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அது அவர்கள் சொல்லிக்கொடுத்ததாகத்தான் ஆகும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாய் மூடிக்கொண்டது. அவள் நடிப்பது எனக்குத் தெரியும், இது நடிப்பில்லை.

திரும்பி நடந்து சலவைக்கூடத்துச் சந்துக்கு வந்தோம். அங்கே சுவரில் கையை ஊன்றி நின்றாள். நான் மேடத்தையும் அறக்கட்டளையையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

"விடுடி," என்றாள் அண்ணி. "அன்னிக்கு நான் கொஞ்சம் கேவலமா நடிச்சிருக்கணும்."