சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

போன வருடம் பெரஹரா ஊர்வலம் முடிந்த வாரம். கண்டி ஏரிக்கரையில் கூட்டத்துக்காகக் கட்டிய கயிறுகளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. நெஞ்சுவலி என்று என் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கடுகண்ணாவையில் சின்னதாக ஓட்டோ திருத்தும் கராஜ் வைத்திருப்பவன். இதயத்தில் மூன்று அடைப்பு, பைபாஸ் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவன் செய்யவேண்டியது சம்மதப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து போடுவதுதான். அதைப் போடமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி அழுது பார்த்தாள். நான் திட்டிப் பார்த்தேன், அது எனக்குக் கைவந்த கலை. எதற்கும் மசியவில்லை. மூன்றாம் நாள், நான் கொண்டுபோன இடியப்பத்தைத் தொடாமல், சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டான்.

"அக்கா, சின்ன வயசுல கிளாக்கரையா வீட்டு டிவியில பாத்தோமே, அந்த செவுத்தத் தட்டுற பேய்க் கத... அதத் தேடிக் குடேன். பாத்துட்டுக் கையெழுத்து போடுறேன்."

உயிர் போகிற நேரத்தில் பேய்க் கதையா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கையெழுத்து என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததே பெரிய காரியம்.

அந்தக் கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்போது கரண்ட் தொழிற்சாலைக்கு மட்டும்தான். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கரையா வீட்டு டிவி கார் பெட்டரியில் ஓடும். வாரத்துக்கு ஒருமுறை லொறியில் டவுனுக்கு அனுப்பி அதை சார்ஜ் பண்ணிக்கொண்டு வருவார்கள். எங்கள் கெட்ட காலம், ஆங்கிலப் பேய்த் தொடர் வருவது வாரக் கடைசியில், பெட்டரி சாகக் கிடக்கும் நேரத்தில். கதை சூடு பிடிக்கும்போது படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கும். சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவாகி, அப்படியே போய்விடும்.

ஒரு கதையைக்கூட நாங்கள் முடிவுவரை பார்த்ததில்லை. பேச்சு ஆங்கிலம், கீழே எழுத்து சிங்களம், இரண்டும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் கிளாக்கரையாவின் மூத்த மகள் கண்டியில் ஹொஸ்டலில் தங்கிப் படித்தவர். இந்தக் கதைகளையெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தில் ஏற்கனவே வாசித்துவிட்டதாகச் சொல்வார். பெட்டரி போன இடத்திலிருந்து முடிவுவரை அவர்தான் எங்களுக்குச் சொல்லி முடிப்பார்.

சுவர்க் கதை இதுதான். ஒரு பெண் புது வீட்டுக்குத் தனியாகக் குடிவருகிறாள். தினமும் பொழுது சாய்ந்ததும் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு கேட்கிறது. அந்தப் பக்கம் இருப்பது ஆளில்லாத பாழடைந்த வீடு. கடைசியில் பொறுக்கமுடியாமல் சுத்தியலை எடுத்துச் சுவரை இடிக்கிறாள். ஒரு கல் விழுகிறது. எங்கள் பெட்டரியும் விழுந்தது.

அன்றைக்குத் தம்பி அழுத அழுகை இருக்கிறதே! மிச்சத்தை அந்த அக்கா சொன்னார். அந்தப் பக்கமும் ஒரு பெண் ஒளிந்து வாழ்கிறாளாம். இந்தப் பக்கம்தான் பேய் இருக்கிறது என்று பயந்து, பேய் போய்விட்டதா என்று பார்க்க அவள் தினமும் தட்டுகிறாளாம். சுவர் உடைந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, உடைத்த இடத்தில் ஒரு கதவு வைத்துக்கொண்டார்களாம். தம்பி அழுகையை நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து, எங்கள் வீட்டுப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் அவன் மூன்று தரம் தட்டுவான். நானும் மூன்று தட்டுவேன். இருக்கிறேன் என்று அர்த்தம். நான் கல்யாணமாகிப் போகும்வரை அது நடந்தது.

தேடத் தொடங்கினேன். நான் வேலை செய்வது டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். அக்குறணைக்காரரான எங்கள் முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, வேல நேரத்துல பேயோடயா கத?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், தேடு தேடு என்று அவரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தொடரின் பெயரும் தெரியாது, கதையின் பெயரும் தெரியாது. பழைய பேய்த் தொடர்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தேடுவதை மறந்து கதைக்குள் போய்விட்ட நேரங்களும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமில்லை. வாரம் ஒரு கதை, வாரம் புது ஆட்கள், நல்லவனாக இருந்தாலும் தப்புவான் என்று நிச்சயமில்லை. செட் சுவர் ஆடுவதுகூடத் தெரிகிறது. பேய் பெரும்பாலும் வருவதே இல்லை. ஒரு படிக்கட்டு, அடிக்கக்கூடாத நேரத்தில் அடிக்கும் ஒரு டெலிபோன், அவ்வளவுதான். இப்போதைய படங்களில் பேயை முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டிவிடுகிறார்கள். காட்டிய பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

தேடத் தொடங்கிய மூன்றாம் நாள் கிடைத்தது. யாரோ பழைய வீடியோ கசட்டிலிருந்து ஏற்றியிருந்தார்கள். முதலில், வாராவாரம் கதையைத் தொடங்கிவைக்கும் அந்தக் கிழவர் வந்து மேசை விளக்கை ஏற்றினார். அந்த முகத்தைப் பார்த்ததுமே இதுதான் என்று தெரிந்துவிட்டது. பெண் வந்தாள், மூன்று தட்டு, சுத்தியல், கல் விழுந்தது. இத்தனை வருடம் கழித்து அதற்கு அப்பால் என்ன என்று பார்க்கப்போகிறேன்.

ஓட்டைக்குள் இருட்டு. அவள் எட்டிப் பார்க்கிறாள். ஒரு கை வந்து கழுத்தைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. அடுத்த காட்சியில் சுவர் பழையபடி இருக்கிறது. புதிதாக ஒருவன் குடிவருகிறான். மூன்று தட்டு கேட்கிறது. கிழவர் சிரித்துக்கொண்டே விளக்கை அணைக்கிறார்.

கதவும் இல்லை, சிரிப்பும் இல்லை. நெஞ்சைப் பிளக்கப் பயந்து கிடப்பவனிடம் இதையா காட்டுவது?

சொந்தக்காரர்களிடம் விசாரித்து அந்தக் கிளாக்கரையா மகளைக் கண்டுபிடித்தேன். தெல்தெனியவில் தையல் வகுப்பு நடத்துகிறார். பஸ் பிடித்துப் போய், வீடியோவைக் காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயோ, இப்படியா முடியுது?"

"நீங்கதான் புத்தகத்துல படிச்சேன்னு சொன்னீங்களேக்கா!"

"எந்தப் புத்தகம்? எனக்கு அப்ப இங்கிலீஷ்ல பாதி விளங்காது புள்ள. ஒன் தம்பி அழுதுக்கிட்டே நின்னான். தேயிலைக்குள்ளால இருட்டுல ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவணும். வாயில வந்ததச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இருவருமாக ஒரு திட்டம் போட்டோம். கல் விழும் இடத்தில் போனை நிறுத்திவிடுவது. சார்ஜ் போய்விட்டது என்று சொல்வது. மிச்சத்தை அவர் பழையபடி சொல்வது. அவன் கையெழுத்து போடட்டும், உண்மை எங்கே ஓடிவிடப்போகிறது?

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அவரைக் கண்டதும் தம்பி எழுந்து உட்காரப் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டேன். கல் விழுந்தது. பட்டனை அமுக்கினேன்.

"அடடா, சார்ஜ் போயிருச்சே!"

தம்பி என்னைப் பார்த்தான். "நடிக்காத அக்கா. இங்க வந்த மொத ராத்திரியே நான் அதப் பாத்துட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். தூக்கம் வராமல் போனில் தேடினானாம், எடுத்த எடுப்பில் கிடைத்துவிட்டதாம். அந்தக் கையைப் பார்த்த நேரத்திலிருந்துதான், மயக்க மருந்து கொடுத்தால் அந்தப் பக்கமே போய்விடுவேன் என்ற பயம் வந்ததாம். கிடைத்தது வேறு ஏதோ கதை, கதவு வைக்கிற கதை இன்னொன்று இருக்கும் என்று நம்பித்தான் என்னைத் தேடச் சொன்னானாம். அத்தனை நாளும் அவனைப் பிடிவாதக்காரன் என்று திட்டினேன். பயந்து போயிருக்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்படி ஒரு கத இல்ல தம்பி. நாந்தான் கட்டிச் சொன்னேன்."

"அப்ப அத்தனையும் பொய்யா?"

"பொய்தான். நீ அழுகைய நிப்பாட்டினியா இல்லியா?"

"நிப்பாட்டினேன்."

"இருட்டுல வீடு போய்ச் சேந்தியா?"

"சேந்தேன்."

"பின்ன என்னா?"

தம்பி சிரித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "பத்திரத்தக் கொண்டாரச் சொல்லுக்கா" என்றான். பேனையை என் கைப்பையிலிருந்துதான் எடுத்தான்.

ஒப்பரேஷன் முடிந்து அடுத்த நாள், ஒரு நிமிடம் பார்க்கலாம் என்று என்னை உள்ளே விட்டார்கள். வாயில் குழாய், கண் பாதி மூடியிருந்தது. பேசமுடியாது, தலையை அசைக்கவும் முடியாது. நான் வந்திருப்பது தெரியுமோ தெரியாதோ என்று நின்றேன். கட்டில் கம்பியின் மேல் கிடந்த அவன் விரல் அசைந்தது. டொக், டொக், டொக்.

நானும் மூன்று தட்டினேன். அழுதுகொண்டேதான் தட்டினேன்.

இப்போது அவன் கராஜுக்குப் போகிறான், மறுபடியும் என்னிடம் திட்டு வாங்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் பழைய பேய்த் தொடர்களைப் போனில் பார்க்கிறோம், ஒவ்வொன்றிலும் கல் விழுவது மாதிரி ஒரு இடம் வந்ததும் நிறுத்திவிட்டு முடிவை மாறி மாறிச் சொல்கிறோம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் பயந்து கிடப்பவனுக்கு முதலில் வேண்டியது அதற்கான பதில் அல்ல, இந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தட்டும் ஒரு கை என்பது மட்டும் தெரியும்.