ஸ்டோர் ரூமில் ஓர் ஆள் சூடு

போன புதன்கிழமை பகல் பதினொன்றே கால் மணி. என் வீட்டுக் கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அதாவது, இருக்கக் கூடாது. மனைவி அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். மகன் வெளியூரில். மகள் கல்லூரியில்.

எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடு ஏறினால், சாத்தியிருக்கும் ஸ்டோர் ரூமுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைத்துப் பழகியவன். இந்த வாரம் முடியவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகன் வினோத்துக்குத் தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கடிகாரங்கள் எவ்வளவு ஒழுங்காக ஓடுகின்றன என்று பார்ப்பது. "மணி பாக்கறதுக்கு ஒரு சம்பளமாடா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. அவன் பார்க்கும் கடிகாரங்களில் முள் இருக்காது, எண் இருக்காது. ஒரு நொடி என்றால் சரியாக ஒரு நொடி... அதில் கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் இவனுக்குத் தூக்கம் வராது.

அப்படி ஒன்றை வீட்டுக்கும் கொண்டுவந்தான். செல்போன் டவரில் இருந்து கழற்றிய பழைய பொருள். டிபன் பாக்ஸ் அளவு. அதற்குச் சூடு ஏறி இறங்கினால் ஆகாதாம். எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் ஜன்னலே இல்லாத இடம் ஸ்டோர் ரூம்தான். அரிசி டிரம்முக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே அதை வைத்தான். கதவுக்கு அடியில் ஒயர் விட்டுக் கூடத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினான். பால்கனியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆன்டெனா. சாட்டிலைட்டில் இருந்து வரும் நேரத்தோடு டிபன் பாக்ஸின் நேரத்தை அது ராப்பகலாக ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

மிச்ச வேலையை ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கடிகாரத்துக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு நிமிடத்தில் இது எவ்வளவு தடுமாறுகிறது, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு, ஒரு நாளில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் படம் வரைந்துவிடும். நல்ல கடிகாரம் என்றால் கோடு மாடிப்படிக் கைப்பிடி மாதிரி வழவழவென்று இறங்கும். நடுவில் மேடு தட்டினால், எதுவோ அதைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்கிறது.

வினோத்தின் படத்தில் மேடே இல்லை. இருப்பதிலேயே அழகான ஒன்றை பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். அன்று வீட்டில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம். மகளும் சாப்பிட்டாள். சிரித்தாள் என்றுதான் நினைவு.

மூன்று வாரம் முன்பு அவனுக்கு வெளியூரில் பயிற்சி வந்தது. போகும்போது என்னிடம் வேலையை ஒப்படைத்தான். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்து ஃபைலைத் திறக்க வேண்டும். 'அவுட்லையர்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். பிறகு படம் வரைந்து அனுப்ப வேண்டும். அவுட்லையர் என்றால் கூட்டத்தோடு சேராமல் துள்ளி நிற்கும் புள்ளிகள். தூசு, மின்சாரக் கோளாறு, ஏதோ ஒன்று... அதையெல்லாம் முதலில் துடைத்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்களாம். அவர்கள் தொழிலில் அது வழக்கம். வீடு பெருக்கிவிட்டுக் கோலம் போடுவது மாதிரி.

இரண்டு சனிக்கிழமை ஒழுங்காகப் பெருக்கினேன். மூன்றாவது சனிக்கிழமை மறந்துவிட்டேன்.

படத்தில் ஒரு மேடு. பதறிப்போய் வாரம் முழுக்க ஓடிய கோட்டைத் திறந்து பார்த்தால்... பல். ஐந்து பல். திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் காலை பத்தரைக்கு ஏறி மதியம் மூன்றுக்கு இறங்குகிறது. சனி ஞாயிறு சமதரை. நான் அதற்கு முன் அனுப்பிய இரண்டு வாரத்தையும் துடைக்காமல் திறந்து பார்த்தேன். அதே ஐந்து பல்.

வினோத்துக்கு போன் போட்டேன்.

"அவுட்லையர் எடுக்கலியா நைனா?"

"மறந்துட்டேன்டா. ஆனா தினம் கரெக்டா பத்தரைக்கு வர்ற தூசு எங்கியாவது உண்டா?"

"வெயில் ஏறுற டைம் அது."

"ஜன்னலே இல்லாத ரூம்ல இன்னாடா வெயில்? அதுவும் ஞாயித்துக்கிழமை வெயிலே அடிக்காதா?"

ஃபைலை அனுப்பச் சொன்னான். பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"நைனா... ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே உடம்புல இருந்து பல்பு மாதிரி சூடு வரும். சின்ன ரூம்னா ரெண்டு டிகிரி ஏறும்."

"அதுக்கு?"

"இது ஆள் சூடு மாதிரி இருக்கு."

சமையலறையில் இருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "பேய்க்கு சனி ஞாயிறு லீவா? கவர்ன்மென்ட் பேயா?" என்றாள். ஆனால் சொல்லிவிட்டு ஸ்டோர் ரூம் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மகள் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுச் சாவி நான்கு. நாலு பேரிடமும் ஒவ்வொன்று. பாத்திரம் தேய்க்கும் அம்மா நாங்கள் இருக்கும்போதே காலையில் வந்துபோய்விடுவார். அப்படியானால் யார்? யாரோ கள்ளச்சாவி போட்டிருக்கிறார்களா? நாங்கள் கிளம்பிப் போனதும் வந்து, எதையும் எடுக்காமல், இருட்டறையில் நாலரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற திருடன் யார்? யோசிக்க யோசிக்க, திருடினால்கூடத் தேவலை என்று தோன்றியது.

புதன்கிழமை ஆழ்வார்பேட்டை ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கள் கட்டடத்தின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஏகாம்பரம், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், இன்னிக்கி நீயும் வந்துட்டியா?"

படியேறிப் பாதி வழியில்தான் அந்த வாக்கியம் எனக்கு உறைத்தது.

கதவு பூட்டியிருந்தது. சத்தம் வராமல் திறந்தேன். வாசலில் வேறு செருப்பு இல்லை. கூடத்தில் எல்லாம் வைத்தது வைத்தபடி. பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் இரண்டாவது விசில் விட்டு அடங்கியது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன். நட்டநடுப் பகல்தான். ஆனால் எனக்கு முதுகில் குளிர்ந்தது.

திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

கையில் ஒரு குடையை எடுத்துக்கொண்டேன். ஏன் குடை என்று கேட்காதீர்கள். ஸ்டோர் ரூம் கதவுக்கு அடியில் ஒயர் போவதற்கு விட்ட இடைவெளியில் வெறும் இருட்டு. கதவில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. திரும்பித் திரையைப் பார்த்தேன். இன்னும் ஒரு கட்டம் ஏறியிருந்தது. காதுக்கு யாரும் இல்லை, கோட்டுக்கு ஆள் இருக்கிறது. எதை நம்புவது?

"யாருய்யா உள்ள?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

உள்ளே யாரோ மூச்சை நிறுத்தினார்கள். மூச்சு விடுவது கேட்கும், தெரியும். நிறுத்துவதுகூடக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு, மிகச் சின்னக் குரலில்...

"நைனா. லைட்டு போடாத."

என் மகள்.

கொலு பொம்மைப் பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கல்லூரிப் பை. பக்கத்தில் அவளுடைய செருப்பு, ஜோடியாக. காலையில் அவள் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம், பாதி. டிபன் பாக்ஸ் கடிகாரத்தின் பச்சை விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. சத்தியமாக. இரண்டு விநாடி.

குடையைக் கீழே போட்டுவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"காலேஜுக்குப் போறதில்லையா பாப்பா?"

"பஸ்ல போறேன் நைனா. ஸ்டாப்பு வந்தா எழுந்திருக்க முடியல. காலு மரத்துப்போயிடுது. கடைசி வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வந்துடுவேன்."

"இங்க ஏன்? உன் ரூம்ல படுத்துக்கலாமே?"

"எதிர் ஃப்ளாட்டு ஆன்ட்டி ஜன்னல்ல பாப்பாங்க. இங்க யாரும் பாக்க மாட்டாங்க. இது மட்டும் இருக்கும்." கடிகாரத்தைக் காட்டினாள். "இது ஒண்ணும் கேக்காது."

மனைவி மூன்றரைக்கு வருவதற்குள் கிளம்பிக் கோயில் குளக்கரையில் போய் உட்கார்ந்துவிடுவாளாம். ஐந்து மணிக்குக் 'கல்லூரி முடிந்து' வருவாள். ஆபீஸ் விட்டு வந்ததும், "எப்டி இருந்திச்சி காலேஜ்?" என்பேன். "ஃபைன்" என்பாள். தினமும் கேட்டேன். தினமும் அதே பதில். எவ்வளவு அக்கறையான அப்பா பாருங்கள்!

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஸ்டாப்பு வந்துடுச்சி, இறங்கு பாப்பான்னு கோரஸா கத்துவாங்க. கிளாஸுக்குள்ள நுழைஞ்சாலே. மிஸ் கூடச் சிரிச்சாங்க."

"ஏன் அப்டி?"

"குரூப்ல யாரோ போட்டாங்க."

"என்னத்த?"

என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அன்று மாலை பழைய ஃபைல்களை எல்லாம், ஒரு புள்ளிகூடத் துடைக்காமல் திறந்தேன். ஒவ்வொரு வாரமாகப் பின்னால் போனேன். ஐந்து பல், ஐந்து பல், ஐந்து பல்... ஃபிரிட்ஜில் ஒட்டிய அந்த அழகான படத்தின் வாரத்திலும் ஐந்து பல். ஒன்பதாவது வாரத்துக்கு முன்னால் சமதரை. முதல் பல் முளைத்தது ஒரு திங்கட்கிழமை.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பக்கம் வெளிவரும் நாள். அந்த வாரம் இங்கே என்ன வந்தது என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். என் மகள் கல்லூரிக்குப் போன முதல் நாளில் ஸ்டாப்பைக் கோட்டைவிட்டு, திரும்பும் பஸ்ஸையும் தப்பாக ஏறி, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் முகூர்த்தப் புடவைக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து அழுதது. கடைக்காரர் சோடா வாங்கிக்கொடுத்தது. "நைனா, ஸ்டாப்பு வந்தா சொல்ல மாட்டாங்களா?" என்று எனக்குப் போனில் கேட்டது. பெயரைப் போட்டு எழுதினேன். எத்தனை கடிதங்கள்! "வயிறு வலிக்கச் சிரித்தோம் சார்." நானும் அவற்றை அவளிடமே படித்துக்காட்டினேன்.

வினோத் மேல் தப்பில்லை. வாராவாரம் தங்கையைத்தான் துடைக்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போனில் அவன் அழுதான். "எனக்கு டேட்டா சுத்தமா வேணும்னு நெனச்சேன் நைனா" என்றான். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது. 'ஃபைன்' என்பதைவிடச் சுத்தமான டேட்டா எது?

கீழே போனபோது ஏகாம்பரத்திடம் கேட்டேன். "ஏன்யா, பாப்பா தினம் வர்றத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே சார். வூட்டுக்குத் தெரிஞ்சிதான் கீதுன்னு நெனச்சிகினேன்."

இஸ்திரிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. டிபன் பாக்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பது வாரமாக ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்கிய எனக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கோட்டை விட இதுதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது. மத்தியான வேளையில், ஆபீசில், திடீரென்று எழுந்து வீட்டுக்குப் போன் செய்கிறேன். மனைவி லீவு போட்டுவிட்டு அவளோடு இருக்கிறாள் என்று தெரிந்தும்.

ஒரு டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறோம். கல்லூரியைப் பற்றி இப்போதைக்கு யாரும் பேசுவதில்லை. இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்பும் முன் அவளிடம் கொடுத்தேன். பேனாவோடு படித்தாள். பெயரை அடித்தாள். இன்னும் நான்கு வரிகளை அடித்தாள். "மிச்சம் இருக்கட்டும்" என்றாள்.

கடிகாரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா என்று வினோத் கேட்டான். வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்.

இந்தச் சனிக்கிழமையும் ஃபைலைத் திறந்தேன். பட்டனைத் தொடவில்லை. வியாழக்கிழமை முதல் காலை பத்தரைக்குச் சமதரை. மேடு இப்போது நான் ஆபீஸ் விட்டு வந்ததும், சாயங்காலம் ஆறரைக்கு முளைக்கிறது. முன்பைவிட இரண்டு மடங்கு உயரம்.

இரண்டு ஆள் சூடு.